ஒத்தைக்கு ஒத்தை போக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆடும்போது நிதானமாக ஆடுகிற ஆள், மற்றவர்கள் சிப்ஸைத் தோற்றுவிட்டு எழுந்துபோய் இரண்டே பேர் மிஞ்சியதும் தடுமாறிப் போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பாதி நேரம் அந்த ஆள் நான்தான். அதற்குப் பிறகு ஒரே நண்பரோடு, வாரம் ஒரு மாலை, காசில்லாமல் வெறும் பிளாஸ்டிக் சிப்ஸ் வைத்து நிறைய ஆடினோம். புதிதாக எங்களோடு சேர்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை.

இங்கே பேசுவது நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் பற்றி. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், நடுவில் இருவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அதில் முதல் மூன்றும் சேர்ந்து விழுவது ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். கையில் இருக்கும் சிப்ஸ் அத்தனையையும் எந்த நேரத்திலும் உள்ளே தள்ளலாம். எந்தச் சீட்டு எதை வெல்லும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

விதிகள் ஒன்றுதானே, இரண்டு பேர் ஆடினால் அப்படி என்ன மாறிவிடுகிறது?

ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் போகிறது. ஆறு பேர் ஆட்டத்தில் ஆறு ஆட்டத்துக்கு இரண்டு தடவைதான் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் சிப்ஸ்) கட்ட வேண்டும், மீதி நாலு தடவை சீட்டைக் கவிழ்த்துவிட்டு முறுக்கு தின்றுகொண்டு வேடிக்கை பார்க்கலாம். இருவர் ஆட்டத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சின்னதோ பெரியதோ ஒரு பிளைண்ட் உங்கள் கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். கவிழ்த்தால் அது எதிரில் இருப்பவருக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. சும்மா இருப்பதற்கும் வாடகை கொடுக்கிற வீடு மாதிரி.

பட்டன் யாரிடம்? சின்ன பிளைண்ட் யார் கட்ட வேண்டும்? எங்கள் வீட்டில் இதற்கே சண்டை வருகிறது.

எல்லா வீட்டிலும் வருகிறது. பட்டன் என்பது சீட்டுப் போடுபவர் யார் என்பதைக் காட்டும் வில்லை, ஆட்டத்துக்கு ஆட்டம் கை மாறும். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் பட்டனுக்கு அடுத்தவர் சின்ன பிளைண்ட், அதற்கடுத்தவர் பெரிய பிளைண்ட். இருவர் மட்டும் என்றால் பட்டன் வைத்திருப்பவரே சின்ன பிளைண்ட், எதிராளி பெரிய பிளைண்ட். முதல் சீட்டு எதிராளிக்கு, கடைசிச் சீட்டு பட்டனுக்கு. ஃப்ளாப் விழுவதற்கு முன் பட்டன்காரர் முதலில் பேசுவார், ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசிவரை அவர்தான் இரண்டாவதாகப் பேசுவார். மூன்று பேராக இருந்து ஒருவர் வெளியேறி இரண்டாகும்போது, ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு தடவை பெரிய பிளைண்ட் கட்டாதபடி பட்டனை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இரண்டாவதாகப் பேசும் இடம்தான் இந்த ஆட்டத்தில் பெரிய சொத்து. எதிராளி செக் சொன்னாரா (அதாவது எதுவும் கட்டாமல் விட்டாரா), கட்டினாரா, எவ்வளவு கட்டினார் என்று எல்லாம் பார்த்த பிறகு நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். அவரோ இருட்டில் முதல் அடி வைக்கிறார்.

எனக்கு நல்ல சீட்டே விழுவதில்லை. நல்லது வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளைண்ட் 50, 100, ஆளுக்கு 10,000 சிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டே இருந்தால் இரண்டு ஆட்டத்துக்கு 150 போகும், அதாவது ஆட்டத்துக்குச் சராசரியாக 75. இப்போது நீங்கள் ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி, ஏஸ்-ராஜா இவற்றை மட்டும்தான் ஆடுவேன் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். 52 சீட்டில் இரண்டு சீட்டு சேரக்கூடிய விதம் மொத்தம் 1,326. அதில் நீங்கள் கேட்கிற சீட்டுகள் 34. அதாவது சுமார் 39 ஆட்டத்துக்கு ஒரு தடவை. அது வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய 2,900 சிப்ஸ் போயிருக்கும், கையிருப்பில் கால் பங்குக்கும் மேல்! சரி, வந்தே விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 ஆட்டம் தூங்கிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று முழித்து 300 கட்டினால் எதிராளிக்குத் தெரியாதா? சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சிரிப்பார். உங்களுக்குக் கிடைப்பது அவருடைய பிளைண்ட் மட்டும்.

ஏஸ் ஜோடிக்கு மட்டும் காத்திருக்கிறவர் நிலைமை இன்னும் மோசம். அது 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை வருவது. 10,000 சிப்ஸும் 133 ஆட்டத்தில் தீர்ந்துவிடும்.

உங்களுக்கு நல்ல சீட்டு வராத அதே நேரத்தில் எதிராளிக்கும் வரவில்லை என்பதைத்தான் நாம் மறந்துபோகிறோம். ஆரம்பத்திலேயே ஜோடி விழுவது 17க்கு ஒரு தடவை. ஜோடி இல்லாத கையோடு ஃப்ளாப்பில் ஏதாவது ஒரு ஜோடியாவது சேர்வது மூன்றுக்கு ஒரு தடவை. இருவரிடமும் சேர்த்து நாலு வேறு வேறு எண்கள் இருந்தால், 100 ஃப்ளாப்பில் 41 தடவை இரண்டு பேருக்குமே ஒன்றும் ஒட்டாது. அந்த 41 தடவையும் நடுவில் கிடப்பதை யார் முதலில் கேட்கிறாரோ அவர் எடுத்துக்கொண்டு போகிறார். எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆனது. புரிந்த பிறகு கை நடுக்கம் பாதி குறைந்தது, ஏனென்றால் எதிரில் இருப்பவர் கையில் பூதம் ஒன்றும் இல்லை, பெரும்பாலும் ஜாக்கி-6 தான் இருக்கிறது.

அப்படியானால் எந்தச் சீட்டை வைத்து ஆடலாம்?

பட்டன் உங்களிடம் இருந்தால் பத்தில் எட்டுச் சீட்டை ஆடலாம், பெரிய பிளைண்டைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு கட்டி ஆரம்பியுங்கள். கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் ராணி-7 என்ற சாதாரணக் கை, எதிராளி கையில் எந்தச் சீட்டும் இருக்கலாம் என்ற நிலையில் பாதிக்குச் சற்று மேல் ஜெயிக்கும். ஆறு பேர் ஆட்டத்தில் அதைத் தொடவே மாட்டோம். 7-2ஐ உலகத்திலேயே மட்டமான கை என்பார்கள், அது கூட்டமாக ஆடும்போது. இருவர் ஆட்டத்தில் கடைசி இடம் 3-2க்குத்தான், அதுகூடத் தெரியாத ஒரு கைக்கு எதிராகப் பத்தில் மூன்று தடவை ஜெயிக்கும். ஏஸ்-ராஜாவுக்கு எதிராக 7-2 கடைசிவரை போனால் மூன்றில் ஒரு தடவை ஜெயித்துவிடும் என்று சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை.

டாய்ல் பிரன்சன் 1976, 1977 இரண்டு வருடமும் தொடர்ந்து உலகப் போக்கர் தொடரை ஜெயித்தபோது, இரண்டு தடவையும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது 10-2. அதனால் 10-2 நல்ல கை என்று ஆகிவிடாது, இரண்டு தடவையும் ஃபுல் ஹவுஸ் ஒட்டியது அவர் யோகம். ஆனால் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது எப்படிப்பட்ட சீட்டெல்லாம் ஆட்டத்துக்குள் வரும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பெரிய பிளைண்டில் இருக்கும்போது கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். எதிராளி 200 கட்டினால் நீங்கள் இன்னும் 100 போட்டால் போதும், நடுவில் ஏற்கெனவே 300 கிடக்கிறது. நாலில் ஒரு தடவை ஜெயித்தால் கட்டுபடியாகும் விலை. ஆனால் ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியது நீங்கள், அந்தச் சங்கடத்தால் சீட்டின் மதிப்பு முழுதாகக் கைக்கு வந்து சேராது. 7-2, 8-3, 9-2 மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத சீட்டுகளைக் கவிழ்த்துவிடுங்கள். மற்றதைப் பாருங்கள்.

எதிராளி ஒவ்வொரு தடவையும் கட்டிக்கொண்டே இருக்கிறார். நான் பயந்து கவிழ்த்துவிடுகிறேன். என்ன செய்வது?

இரண்டே கணக்கு மனசில் இருந்தால் போதும். நடுவில் 1,000 கிடக்கிறது, அவர் 500 கட்டுகிறார். நீங்கள் 500 கொடுத்து 1,500ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள், நாலில் ஒரு தடவை உங்கள் கை நல்லதாக இருந்தாலே நஷ்டம் இல்லை. அவர் 1,000 கட்டினால் நீங்கள் 1,000 கொடுத்து 2,000ஐப் பிடிக்கிறீர்கள், மூன்றில் ஒரு தடவை போதும். இன்னொரு விதமாகச் சொன்னால், நடுவில் கிடப்பதில் பாதியை அவர் கட்டும்போது நாலில் மூன்று தடவை தோற்றுத் தலையில் அடித்துக்கொண்டாலும் நீங்கள் தப்பாக ஆடவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதே கணக்கை அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். 1,000க்காக 500 கட்டுகிறவருக்கு மூன்றில் ஒரு தடவைக்கு மேல் நீங்கள் கவிழ்த்தால் போதும், கையில் எதுவுமே இல்லாமல், சீட்டைப் பார்க்காமல்கூட லாபம். முழுசாக 1,000 கட்டினால் பாதித் தடவை நீங்கள் கவிழ்க்க வேண்டும். ஆகவே ஃப்ளாப்பில் நடு ஜோடி (மூன்றில் நடு மதிப்புள்ள சீட்டோடு சேர்வது) கிடைத்தாலும் "மேல் ஜோடி இல்லையே" என்று தூக்கிப் போட்டால், அவருக்குச் சம்பளம் கொடுத்து ஆட வைக்கிறீர்கள் என்று அர்த்தம். என் நண்பர் ஒரு நாள் மாலை முழுக்க என்னை இப்படியே கவிழ்க்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரு கையைத் திறந்து காட்டினார். 8-4. ஒன்றும் ஒட்டவில்லை. நான் கவிழ்த்தது ராஜாவுக்குக் கீழே 10 ஜோடி.

இன்னும் சேராத கையோடு இருந்தால் வரக்கூடிய சீட்டுகளை எண்ணுங்கள். நாலு ஸ்பேட் இருந்து ஐந்தாவது வேண்டும் என்றால் மிச்சம் 9 சீட்டு, ஃப்ளாப்பிலிருந்து ரிவருக்குள் அது விழ 35 சதவீதம் வாய்ப்பு. இரண்டு பக்கமும் திறந்த வரிசைக்கு, உதாரணமாக 6-7-8-9, மிச்சம் 8 சீட்டு, 31 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு சீட்டு பாக்கி என்றால் நாலால் பெருக்கு, ஒரு சீட்டு பாக்கி என்றால் இரண்டால் பெருக்கு. வாய்ப்பாடு அவ்வளவுதான்.

பாவ்லா எப்போது காட்டலாம்? நான் காட்டினால் மட்டும் மாட்டிக்கொள்கிறேன்.

பாவ்லாவுக்கு ஒரு கதை வேண்டும், அது முதல் காட்சியிலிருந்தே ஓட வேண்டும். ஃப்ளாப்பிலும் டர்னிலும் தூங்கிவிட்டு ரிவரில் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளினால் எந்தக் கையை வைத்திருப்பதாக அவர் நம்ப வேண்டும்?

2003இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இறுதி இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. 839 பேர் ஆடிய போட்டி, கடைசியில் இரண்டு பேர். ஒருவர் சாம் ஃபார்ஹா, பெரிய பணத்துக்கு ஆடிப் பழகியவர். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர், டென்னசியைச் சேர்ந்த கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதிப் போட்டி ஜெயித்து வந்தவர். (பெயரே அப்படித்தான், பட்டப்பெயர் இல்லை.) மணிமேக்கர் கையில் ஸ்பேட் ராஜா, ஹார்ட் 7. ஃபார்ஹாவிடம் ஸ்பேட் ராணி, ஹார்ட் 9. ஃப்ளாப்பில் ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6. டர்னில் ஸ்பேட் 8. இப்போது ஃபார்ஹாவிடம் மேல் ஜோடி, மணிமேக்கரிடம் ஜோடி எதுவும் இல்லை, ஆனால் ஒரு ஸ்பேட் விழுந்தால் ஃப்ளஷ், ஒரு 5 அல்லது 10 விழுந்தால் வரிசை. ஃபார்ஹா கட்டினார், மணிமேக்கர் ஏற்றினார். ரிவரில் ஹார்ட் 3, ஒன்றும் சேரவில்லை. ஃபார்ஹா செக் சொன்னார், மணிமேக்கர் அத்தனையையும் தள்ளினார். ஃபார்ஹா வெகுநேரம் யோசித்துவிட்டு, ஜெயிக்கிற கையைக் கவிழ்த்தார். அதன் பிறகு மணிமேக்கர் 5-4 வைத்து ஆட்டத்தை முடித்து 25 லட்சம் டாலர் பரிசை எடுத்துப்போனார்.

தைரியத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் பார்ப்பது ஸ்பேட் ராஜாவை. மேஜையில் மூன்று ஸ்பேட் கிடக்கும்போது ராஜா இவர் கையில் இருந்தால், எதிராளியிடம் பெரிய ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. டர்னில் ஏற்றியதால் ஃப்ளஷ் வந்துவிட்டது என்ற கதை முன்பே ஆரம்பித்துவிட்டது. மாட்டிக்கொண்டிருந்தால்? சிப்ஸில் ஃபார்ஹா முன்னே போயிருப்பார், நாம் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம், ஆனாலும் நல்ல பாவ்லாதான்.

ஏஸ் மட்டும் இருக்கிற கையை வைத்துப் பாவ்லா காட்டாதீர்கள், இருவர் ஆட்டத்தில் அது காட்டாமலே பல நேரம் ஜெயிக்கும். எப்படியும் தோற்கப் போகிற, சேராமல் போன கைகளைத்தான் இதற்கு எடுக்க வேண்டும். அப்புறம், எதைக் கட்டினாலும் "பார்த்துடலாம்" என்று கூடவே வருகிற ஆளிடம் பாவ்லா காட்டுவது செவிடன் காதில் ஊதிய சங்கு.

நல்ல சீட்டு கிடைத்தால் பதுங்க வேண்டுமா, உடனே கட்ட வேண்டுமா?

எதிராளியைப் பொறுத்தது. 1988 உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டத்தில் ஜானி சானும் எரிக் சைடலும். ஃப்ளாப்பில் ராணி, 10, 8. சைடல் கையில் ராணி-7, மேல் ஜோடி. சான் கையில் ஜாக்கி-9, அப்போதே முழு வரிசை. சான் சத்தமே போடாமல் கூடவே வந்தார், ரிவரில் செக் சொன்னார், சைடல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். முடிந்தது, சானுக்குத் தொடர்ந்து இரண்டாவது பட்டம்.

அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் பதுங்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் சைடலிடம் மேல் ஜோடி இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். அடிக்கடி தானாகக் கட்டுகிற ஆளிடம் பதுங்குங்கள். எல்லாவற்றுக்கும் கால் சொல்கிற (கட்டியதற்குச் சமமாகப் போட்டுக் கூடவே வருகிற) ஆளிடம் முதலிலிருந்தே கட்டுங்கள், ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் கட்டினால்தான் நடுவில் கிடப்பது பெரிதாகும்.

முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

கொஞ்சம். நான் இதை அதிகம் நம்புவதில்லை. முகத்தைவிடக் கட்டுகிற அளவும், யோசிக்க எடுத்துக்கொள்கிற நேரமும் நிறையச் சொல்லும். நல்ல கைக்கு ஒரு அளவு, பாவ்லாவுக்கு ஒரு அளவு என்று உங்களுக்கே ஒரு பழக்கம் இருக்கும், முதலில் அதைக் கண்டுபிடித்து ஒழியுங்கள்.

சிப்ஸ் குறைந்துபோய்ப் பத்து பெரிய பிளைண்ட் அளவுக்கு வந்துவிட்டது. இனி எப்படி?

இது ஒருவகையில் சுலபமான நிலைமை. பட்டனில் இருந்தால் இரண்டே வழி: எல்லாவற்றையும் தள்ளு, இல்லை கவிழ். எந்த ஏஸ், எந்த ராஜா, எந்த ஜோடியாக இருந்தாலும் தள்ளலாம். இவற்றோடு நடுத்தரச் சீட்டுகளையும் சேர்த்தால் வருகிற சீட்டில் பாதிக்கு மேல் தள்ளுகிற சீட்டாகவே இருக்கும். பாதி சிப்ஸைக் கட்டிவிட்டு எதிராளி ஏற்றியதும் கவிழ்ப்பதுதான் செய்யவே கூடாதது.

தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தால் நம்பிக்கை போய்விடுகிறதே?

போகும், யாருக்கும் போகும். 2019 இறுதியில் ஃபில் கால்ஃபண்ட் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், யார் வேண்டுமானாலும் ஒத்தைக்கு ஒத்தை வரலாம் என்று அறைகூவல் விட்டார். அவர் ஆடியது நாலு சீட்டு வைத்து ஆடும் பாட்-லிமிட் ஒமாஹா. 2020 ஆரம்பத்தில் வந்த முதல் எதிராளி, இணையத்தில் 'வெனிவிடி1993' என்ற பெயரில் ஆடுகிறவர். 25,000 ஆட்டம் என்று ஒப்பந்தம், பிளைண்ட் 100, 200 யூரோ. பாதி வழிக்குள்ளேயே கால்ஃபண்ட் 9 லட்சம் யூரோ அளவுக்குக் கீழே போய்விட்டார். விட்டுவிடலாமா என்று யோசித்தார். ஆட்டத்தை நிறுத்தி, சில வாரம் ஓய்வெடுத்து, தன் ஆட்டத்தைத் திரும்பப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். 25,000 ஆட்டமும் முடிந்தபோது 1,600 யூரோ சொச்சம் லாபத்தில் இருந்தார்! அந்தத் தொகையில் ஒன்றும் இல்லை, அவர் ஆடிய பிளைண்டுக்கு எட்டுப் பத்து மடங்குதான். நடுவில் நிறுத்தத் தெரிந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதே 2020 நவம்பரில் டேனியல் நெக்ரானு, டக் போல்க் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் 25,000 ஆட்டம் ஆட உட்கார்ந்தார்கள். முதல் நாள் நேரில் ஆடிய 200 ஆட்டத்தில் நெக்ரானு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்தார். 2021 பிப்ரவரியில் ஆட்டம் முடிந்தபோது போல்க் 12 லட்சம் டாலர் முன்னே இருந்தார். போல்க் வருஷக்கணக்கில் இருவர் ஆட்டத்திலேயே ஊறியவர். ஒரு நாள் மாலையில் ஜெயித்ததையும் தோற்றதையும் வைத்து உங்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள், அது ஒரு மழைத்துளியை வைத்துப் பருவமழையைச் சொல்வது மாதிரி.

என் வழக்கம்: தோற்ற ஆட்டத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மட்டும் ஒரு வரி எழுதிவைப்பேன். மறுநாள் படிக்கும்போதும் அந்த நினைப்பு சரியாகத் தெரிந்தால் அந்த ஆட்டத்தை மறந்துவிடுவேன். "கோபத்தில் கட்டினேன்" என்று எழுதியிருந்தால் அது வேறு. அப்படி ஒரே மாலையில் இரண்டு வரி சேர்ந்தால் அன்றைக்கு எழுந்துவிடுவது என்று எனக்கும் நண்பருக்கும் ஒப்பந்தம்.

கணினியே இந்த ஆட்டத்தை ஜெயித்துவிட்டதாமே? அப்புறம் நாம் ஆடி என்ன?

ஜெயித்துவிட்டது. கட்டும் தொகைக்கு வரம்பு உள்ள இருவர் ஹோல்டெமை 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் 'செஃபியஸ்' என்ற நிரல் கிட்டத்தட்ட முழுசாகவே அவிழ்த்துவிட்டது, பட்டனில் இருப்பவருக்குத்தான் சாதகம் என்பதையும் எண்ணிக்கையில் காட்டியது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'லிப்ரேட்டஸ்' பிட்ஸ்பர்க்கில் ஒரு சூதாட்ட விடுதியில் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 ஆட்டம் நோ-லிமிட் ஆடி, 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப்ஸை ஜெயித்தது. சதுரங்கத்திலும் கணினி எப்போதோ ஜெயித்துவிட்டது, நாம் நிறுத்தினோமா?

அதனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். ஒரே நிலைமையில் அது எப்போதும் ஒரே மாதிரி ஆடாது, சில தடவை கட்டும், சில தடவை செக் சொல்லும், ஆனால் எத்தனைக்கு எத்தனை என்ற விகிதம் கணக்கோடு இருக்கும். மனிதனுக்கு இப்படிக் கலந்து ஆட வராது, மனசு ஏதாவது ஒரு பக்கம் சாயும். அதனால் கைக்கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்க்கிறேன். மூன்றில் ஒரு தடவை பாவ்லா காட்டலாம் என்று தோன்றினால், முள் 20க்குக் கீழே இருந்தால் காட்டுவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். நண்பருக்கு இது ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. இப்போது நான் கடிகாரத்தைப் பார்த்தாலே சிரிக்கிறார்.

பணம் வைத்து ஆடலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இணையத்தில் பணம் வைத்து ஆடக் கூடாது. தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் தடை செய்த பகுதியை, இவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒதுக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடும் எதையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். நேரில் ஆடுவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. சிங்கப்பூரில் வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் ஆடுவதற்கு இடம் உண்டு, அதையே இணையத்தில் ஆடினால் தப்பு.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாலும், பழகுகிறவர்களுக்குப் பணம் கெடுதல்தான். வாடகைப் பணத்தை வைத்து உட்கார்ந்தவருக்கு 25 சதவீதக் கணக்கெல்லாம் மண்டையில் ஏறாது.

சரி, எப்படிப் பழகுவது?

ஒரு ஆள், ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கு 10,000 சிப்ஸ். சிப்ஸ் இல்லாவிட்டால் புளியங்கொட்டை, நிறம் மாற்றிச் சோழி. முதல் வாரம் இப்படிச் செய்யுங்கள்: 50 ஆட்டம் முழுக்கப் பட்டன் ஒருவரிடமே இருக்கட்டும், எண்ணிக்கையைக் குறித்துவைத்துவிட்டு அடுத்த 50 ஆட்டம் மற்றவரிடம். எந்த இடத்தில் மூச்சு லேசாக இருக்கிறது என்று உடம்பே சொல்லிவிடும். இரண்டாவது வாரம், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கவிழ்த்த சீட்டையும் சேர்த்து இருவரும் திறந்து காட்டுங்கள். திறப்பதற்கு முன் எதிராளியிடம் என்ன இருக்கும் என்று சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், மனசுக்குள் சொன்னால் செல்லாது. முதல் நாள் நான் சொன்னதில் பாதிக்கு மேல் தப்பு, அதுவும் எல்லாம் ஒரே பக்கத் தப்பு: அவரிடம் இருந்ததைவிடப் பெரிய சீட்டாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டனுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், நாங்கள் கேரம் போர்டு ஸ்டிரைக்கரை வைத்துக்கொண்டிருக்கிறோம்.